650 ரூபாய்க் காலவெளிப் பெட்டி: முதல் பலகை தேறும், மூன்றாவது தாள் தேறாது

பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி மெட்ரோவை ஒட்டிய சந்துகளில், ஸ்டேஷனரிக் கடைகளில் ஓர் அட்டைப் பெட்டி விற்கிறது. விலை 650 ரூபாய். பேசினால் 600-க்கு இறங்குகிறார்கள். "காலவெளி கட்டங்களால் ஆனதென்றால் துகள் எப்படி நகரும்? நீங்களே நகர்த்திப் பாருங்கள்" என்று மேலே அச்சிட்டிருக்கிறது. காலவெளி என்றால் காலத்தையும் வெளியையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்களுக்கும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. தயாரித்தவர் பெயரோ முகவரியோ எந்தப் பக்கத்திலும் இல்லை. விலைகூட ரப்பர் ஸ்டாம்புதான். அதனால் பிழை கண்டுபிடித்தாலும் எழுதிப் போட ஆளில்லை. வாங்குகிறவர்களே திருத்திக்கொள்ள வேண்டியதுதான். இந்த விமர்சனமே பாதி அதற்காகத்தான்.

உள்ளே மூன்று ஆட்டங்கள். முதலாவது 51 செ.மீ. நீளம், 27 செ.மீ. அகலமுள்ள மடிப்புப் பலகை. அதோடு 60 வெள்ளை, 60 கறுப்பு பிளாஸ்டிக் வில்லைகள். இரண்டாவது சாய்சதுரக் கட்டம் போட்ட தாள். அதற்கு நான்கு நிறங்களில் நிறத்துக்குப் பதினைந்து வில்லைகள். மூன்றாவது 200 புள்ளிகள் அச்சிட்ட ஒளிபுகும் தாளும், 45 பாகைக் கோடுகள் போட்ட பிளாஸ்டிக் அட்டையும். கூடவே 24 பக்கத் தமிழ்க் கையேடு. பலகையின் அச்சும் மடிப்பும் நன்றாக இருக்கின்றன. வில்லைகள் 12 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம், ஐந்துக்கு மேல் அடுக்கினால் சரிகின்றன.

முதல் பலகைதான் பெட்டியின் உயிர். இடமிருந்து வலமாக 17 பத்திகள்: −8 முதல் +8 வரை. கீழிருந்து மேலாக 9 வரிசைகள்: காலம் 0 முதல் 8 வரை. ஒவ்வொரு கட்டமும் இரண்டு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. இட அறையில் 'இ', வல அறையில் 'வ'. துகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதற்கு அந்த எழுத்து.

முதல் பயிற்சி சாதாரண நாணயம். தலை விழுந்தால் வலம், பூ விழுந்தால் இடம், எட்டு முறை. எட்டாவது வரிசையில் நடுப் பத்தியில் முடிய 256-இல் 70 வாய்ப்பு. கையேடு இருபது ஓட்டம் போதும் என்கிறது. இருபதில் ஐந்தோ ஆறோ நடுவில் விழ வேண்டும். மூன்றோ எட்டோ வந்தாலும் ஆச்சரியமில்லை. வடிவம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் இரண்டு பேர் சேர்ந்து நூறு ஓட்டமாவது போட வேண்டும். இந்தப் பயிற்சி தெரிந்த விஷயம்தான், ஆனால் அடுத்ததற்கு ஒப்பிட இந்த எண்கள் தேவை. தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குவாண்டம் நடை, அதாவது குவாண்டம் விதிப்படி ஒரு நுண்துகள் அடியடியாக நகர்வது. கையேட்டில் இரண்டு பக்கத்துக்கு வளர்த்திருக்கும் விதியை இப்படிச் சுருக்கலாம். 0 வரிசையில் 0 பத்தியின் வ அறையில் ஒரு வெள்ளை வையுங்கள். வெள்ளை என்றால் +1, கறுப்பு என்றால் −1. அடுத்த வரிசைக்குப் போகும்போது, ஒரு கட்டத்தில் உள்ள வ எண்ணையும் இ எண்ணையும் கூட்டி, வலப்பக்கப் பத்தியின் வ அறையில் போடுங்கள். வ-விலிருந்து இ-யைக் கழித்து, இடப்பக்கப் பத்தியின் இ அறையில் போடுங்கள். ஒரே அறையில் வெள்ளையும் கறுப்பும் சந்தித்தால் ஜோடி ஜோடியாக எடுத்துவிடுங்கள். இந்த எண்கள் வீச்சுகள். நிகழ்தகவு வேண்டுமென்றால் ஒவ்வோர் அறையின் எண்ணையும் தனித்தனியே வர்க்கப்படுத்தி, ஒரு கட்டத்தின் இரண்டு வர்க்கங்களையும் கூட்டி, 2-ஐ வரிசை எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி அதனால் வகுக்க வேண்டும்.

முதல் இரண்டு வரிசைகளில் நாணயத்துக்கும் இதற்கும் வித்தியாசமே வராது. 1, 1; பிறகு 1, 2, 1. அவசரக்காரர்கள் இங்கேயே பலகையை மடித்துவிடுவார்கள். மூன்றாவது வரிசையில்தான் கதை திரும்புகிறது. நாணயம் −3, −1, +1, +3 பத்திகளுக்கு முறையே எட்டில் 1, 3, 3, 1 என்று பங்கு தரும். வில்லைகள் தருவது 1, 1, 5, 1. காரணம் −1 பத்தியின் இ அறை: அங்கே வர வேண்டியது 0 பத்தியின் வ கழித்தல் இ, அதாவது 1 − 1. இரண்டு வழிகளில் வந்த வில்லைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. +1 பத்தியின் வ அறையில் அதே இரண்டும் கூடி 2 ஆகின்றன. பின் வரிசைகளில் வருகிற எல்லா வித்தியாசமும் இந்த ஒரே செயலின் விளைவுதான்.

நான்காவது வரிசை, −4 முதல் +4 வரை பதினாறில் 1, 2, 2, 10, 1. ஐந்தாவது, முப்பத்திரண்டில் 1, 5, 4, 4, 17, 1. எட்டாவது வரிசைக்கு வந்தால் நடுப் பத்திக்கு 256-இல் 18 மட்டும் மிஞ்சியிருக்கும், +4 பத்தியில் 106 குவிந்திருக்கும். நாணயத்தில் அதே +4-க்கு 28. துகள் நடுவில் தயங்கி நிற்காமல் ஓரத்தை நோக்கி ஓடுகிறது. நூறு அடி நடந்தால் நாணய நடையின் பரவல் (தொடங்கிய பத்தியிலிருந்து விலகும் தூரங்களின் வர்க்கச் சராசரிக்கு வர்க்கமூலம்) 10 கட்டம், ஏனென்றால் அது அடிகளின் வர்க்கமூலமாக வளர்கிறது. குவாண்டம் நடையின் பரவல் 54 கட்டத்துக்குப் பக்கம், உச்சம் 70-ஐ ஒட்டி. இது அடிகளின் எண்ணிக்கைக்கே நேர் விகிதமாக வளர்கிறது. இந்த நடையை 1993-இல் அகரொனோவ், டேவிடோவிச், ஸகுரி மூவரும் இயற்பியல் கட்டுரையில் கொண்டுவந்தார்கள். கையேட்டில் இந்த வரலாறு இல்லை, பரவலும் இல்லை. இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

தவறு எங்கே வரும்? மூன்று இடங்கள். ஒன்று, வர்க்கப்படுத்துவதற்கு முன்பே வ-வையும் இ-யையும் கூட்டிவிடுவது. மூன்றாவது வரிசையின் +1 பத்தியில் வ 2, இ 1; கூட்டி வர்க்கப்படுத்தினால் 9, தனித்தனியே செய்தால் 4 + 1 = 5. வலம் பார்க்கும் துகளும் இடம் பார்க்கும் துகளும் வேறு வேறு நிலைகள், அவை ஒன்றையொன்று அழிக்காது. இரண்டு, கழித்தலை மறந்து இரண்டு பக்கமும் கூட்டலாகவே போடுவது. அப்படிச் செய்தால் மூன்றாவது வரிசையில் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 8-க்குப் பதில் 12 ஆகிவிடும்; மொத்த நிகழ்தகவு ஒன்றரை. மொத்தம் ஒன்றாகவே நிற்க அந்தக் கழித்தல் குறிதான் காவல். மூன்று, இரட்டை வரிசையில் ஒற்றைப் பத்தியில் வில்லை வைத்துவிடுவது. ஒவ்வோர் அடியிலும் துகள் நகர்ந்தே ஆக வேண்டும் என்பதால் பத்திகள் ஒன்றுவிட்டு ஒன்றுதான் நிரம்பும்.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் வர்க்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 2, 4, 8, 16, 32, 64, 128, 256. இதில் ஒன்று பிசகினாலும் அதற்கு மேல் போகாதீர்கள். இந்தச் சோதனையைக் கையேடு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களுக்கே உதவியிருக்கும்: கையேட்டின் ஐந்தாவது வரிசை அட்டவணையில் −3 பத்திக்கு 4 என்று அச்சாகியிருக்கிறது, கூட்டினால் 31. சரியான எண் 5. வ அறையில் −1, இ அறையில் 2.

வில்லைக் கணக்கிலும் கோட்டை விட்டிருக்கிறார்கள். எல்லா வரிசைகளையும் பலகையில் அப்படியே விட்டு வைத்தால்தான் படம் புரியும். ஏழாவது வரிசை வரை மொத்தம் 95 வில்லைகள் வேண்டும். 120 இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 95-இல் 70 வெள்ளை, 25 கறுப்பு. பெட்டியில் இருப்பது 60, 60. ஏழாவது வரிசையின் நடுவில் வெள்ளை தீர்ந்துபோகும், கறுப்பு பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். எட்டாவது வரிசையையும் முடிக்க 104 வெள்ளை, 43 கறுப்பு, ஆக 147 தேவை. பலகையில் ஒன்பது வரிசை போட்டவர்கள் ஒருமுறைகூட முழுதாக ஆடிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

இதற்குச் செலவில்லாத மாற்று வீட்டிலேயே இருக்கிறது. தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோல் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள், 150 கொட்டை. ஒரே கொட்டை இரண்டு குறிக்கும் ஆகும். குறி மாறினால் புரட்டிப் போட்டால் போதும். வெள்ளை தீர்ந்தது, கறுப்பு மிஞ்சியது என்ற பேச்சே இல்லை. உருளாது, மின்விசிறிக் காற்றுக்கு நகராது. ஒரே ஓர் எச்சரிக்கை: அதே கொட்டையை நாணயத்துக்குப் பதில் உருட்டாதீர்கள். தேய்த்த பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல். பாதிக்குப் பாதி விழாது. நடைப் பயிற்சிக்கு ஒரு ரூபாய்க் காசுதான்.

வலம் பார்த்துத் தொடங்கியதால் படம் வலப்பக்கம் சாய்கிறது, இது இயற்கையின் சாய்வு அல்ல. இ அறையில் தொடங்கினால் அப்படியே கண்ணாடிப் பிம்பம் வரும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சமச்சீரான தொடக்கத்தின் விடை: எட்டாவது வரிசையில் நடுவில் 18, ±2-இல் 22, ±4-இல் 58, ±6-இல் 38, ±8-இல் 1. இதையும் கையேடு தொடவில்லை. சாய்ந்த படத்தைக் காட்டி "துகள் வலத்தை விரும்புகிறது" என்று எழுதியிருப்பது தப்பு.

இன்னொன்று. மேலட்டையில் 'குவாண்டம் சோதனை' என்று போட்டிருக்கிறார்கள். பலகையில் நடப்பது சோதனை அல்ல, கணக்கு. நாணயப் பயிற்சியில் உண்மையிலேயே தற்செயல் இருக்கிறது. வில்லைப் பயிற்சியில் தற்செயல் எதுவும் இல்லை, யார் வைத்தாலும் அதே விடைதான். "துகள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவுகிறது" என்ற கையேட்டு வாக்கியத்தையும் அடித்துவிடலாம். நகர்வது வீச்சுகளின் முழு வரிசை. துகள் எந்தக் கட்டத்தில் என்பது அளந்தால்தான் விடை கிடைக்கிற கேள்வி. ஒவ்வொரு வரிசையிலும் இடையில் அளந்தால் குறுக்கீடு, அதாவது வீச்சுகள் கூடுவதும் ஒன்றையொன்று தின்பதும், போய்விடும், திரும்பவும் நாணயத்தின் 70-தான் நடுவில் வந்து நிற்கும்.

இரண்டாவது தாள், ஃபைன்மனின் சதுரங்கக் கட்டம். ரிச்சர்ட் ஃபைன்மன் ஆல்பர்ட் ஹிப்ஸோடு சேர்ந்து 1965-இல் வெளியிட்ட பாடநூலில் இது ஒரு பயிற்சிக் கணக்காக வருகிறது. துகள் எப்போதும் ஒளியின் வேகத்தில்தான் போகும், வலமாகவோ இடமாகவோ, நடுநடுவே திரும்பும். திரும்புகிற ஒவ்வொரு மூலைக்கும் −1-இன் வர்க்கமூலத்தை ஒரு சிறிய எண்ணோடு பெருக்கிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணைத் திருப்ப எடை என்று வைத்துக்கொள்வோம். அது துகளின் நிறைக்கும் கட்டத்தின் அளவுக்கும் நேர் விகிதம். எல்லாப் பாதைகளையும் கூட்டி, கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், ஒரு பரிமாண வெளியில் எலக்ட்ரான் எப்படி நகரும் என்று சொல்லும் டிராக் சமன்பாடு கிடைக்கிறது. நிறை இல்லாத துகளுக்குத் திருப்ப எடை சுழியம்: திரும்பவே திரும்பாது, ஒளி வேகத்தில் நேரே போகும். பெட்டியில் இருக்கிற எல்லாவற்றிலும் அழகான விஷயம் இதுதான். கையேடு இதற்கு ஒதுக்கியிருப்பது ஒன்றரைப் பக்கம்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் கலப்பு எண்கள் பாடம் முடித்தவர்களுக்கு இது எளிது. நான்கு நிறங்களும் 1, √−1, −1, −√−1 என்ற நான்குக்கு. மூலைகளை எண்ணி, நான்கால் வகுத்த மீதிக்கு உரிய நிறத்தை வைக்க வேண்டும்.

இங்கேதான் பெரிய பிழை. நான்கு அடியில் புறப்பட்ட பத்திக்கே திரும்பி வரும் பாதைகள் ஆறு. ஆறையும் ஒன்றாகக் கூட்டச் சொல்கிறது கையேடு. கூடாது. முதல் அடி எந்தப் பக்கம், கடைசி அடி எந்தப் பக்கம் என்று பிரித்துத்தான் கூட்ட வேண்டும். முதல் அடி வலம் என்று வைத்துக்கொண்டால் மூன்று பாதைகள்: வவஇஇ, வஇவஇ, வஇஇவ. முதலாவதில் ஒரு மூலை, இரண்டாவதில் மூன்று. இரண்டும் இடம் பார்த்து முடிகின்றன. திருப்ப எடை 1 என்றால் √−1-உம் −√−1-உம் சேர்ந்து சுழியம். மூன்றாவதில் இரண்டு மூலைகள், வலம் பார்த்து முடிகிறது, வீச்சு −1. ஆக அந்தக் கட்டத்தின் பங்கு 1. இதேபோல் மற்ற பத்திகளையும் போட்டால் −2, 0, +2, +4 பத்திகளுக்கு எட்டில் 1, 1, 5, 1. முதல் பலகையின் மூன்றாவது வரிசை எண்களேதான்! குறிகள் வேறு, கூட்டும் விதி வேறு, விடை ஒன்று. இரண்டு பலகைகளும் ஒரே குடும்பம் என்பதைச் சொல்லாமலே பெட்டியை மூடிவிட்டார்கள்.

நிற வில்லைகளால் ஆடினால் திருப்ப எடை எப்போதும் 1-தான், நிறையை மாற்ற வழியில்லை. தாளில் பென்சிலால் எழுதி எடையை 1/2 ஆக்கிப் பாருங்கள். இப்போது வகுக்க வேண்டிய எண் 8 அல்ல, 125/64. பங்குகள் +4 பத்தியிலிருந்து கீழே இறங்கினால் 125-இல் 64, 32, 13, 16. எடை 1-ஆக இருந்தபோது நேரே போய் +4-ஐத் தொட எட்டில் ஒரு பங்குதான் வாய்ப்பு. பாதியாக்கியதும் பாதிக்கு மேல். இலேசான துகள் நேராக ஓடுகிறது, கனத்த துகள் நெளிகிறது. இதைச் செய்து பார்க்க பதினைந்து நிமிடம் போதும், பெட்டியில் உள்ள வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு சொல்லாது.

உண்மை எலக்ட்ரானுக்கு இந்த எண் எவ்வளவு? கட்டம் பிளாங்க் நீளம் (இயற்கை மாறிலிகளைச் சேர்த்துக் கிடைக்கும் நீள அலகு), அதாவது 1.6 × 10⁻³⁵ மீட்டர் என்று வைத்தால், திருப்ப எடை சுமார் 4.2 × 10⁻²³. எலக்ட்ரான் நிறையை, அதே வழியில் கிடைக்கும் நிறை அலகான பிளாங்க் நிறையால் வகுத்தால் வருவது அதுதான். திரும்பல்கள் கணக்கில் தெரியத் தொடங்கும் தொலைவு ஏறக்குறைய 3.9 × 10⁻¹³ மீட்டர், எலக்ட்ரானின் நிறையிலிருந்து கிடைக்கும் சுருக்கிய காம்ப்டன் அலைநீளம். பலகையில் நாம் ஆடுவது அந்த நெளிவை எக்கச்சக்கமாகப் பெரிதாக்கிய படம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இரண்டும் ஒரு பரிமாண வெளிக்கு மட்டும். மூன்று பரிமாணத்துக்குப் போனால் கட்டத்தின் வடிவமே வம்புக்கு வருகிறது, அதைப் பெட்டி ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அவற்றைக் குறுக்கே வெட்டும் தெருக்கள் என்று ஜார்ஜ் டவுனில் நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே 400 மீட்டர், கிழக்கே 300 மீட்டர் போக வேண்டும். காக்கைக்கு 500 மீட்டர், நமக்கு 700. நடுவே எத்தனை சந்து புதிதாக வெட்டினாலும், அவையும் வடக்கு தெற்காக, கிழக்கு மேற்காகவே போனால் 700 மீட்டர் ஒரு மீட்டர்கூடக் குறையாது. கட்டத்தைச் சிறிதாக்கினால் மூலைவிட்டம் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. கணிதவியலாளர் ஹெர்மன் வைல் 1949-இல் எழுப்பிய, தரையில் பதிக்கும் ஓடுகளின் வாதத்தின் சாரமும் அதுதான். கட்டம் கட்டமாகத் தாவுகிற எளிய துகளுக்கு அச்சு வழியே ஒரு வேகம், மூலை வழியே அதில் 0.707 பங்கு என்று ஆகும். குவாண்டம் நடையில் இது தப்புகிறது, ஏனென்றால் நீண்ட அலைகளுக்குக் கட்டத்தின் திசைகள் ஏறக்குறைய மறைந்துபோகின்றன. 1994-இல் பியாலினிட்ஸ்கி-பிருலா பொருள்மையக் கனச்சதுரக் கட்டவலையில் மூன்று பரிமாணத்துக்கும் இப்படி விதி எழுத முடியும் என்று காட்டினார். ஆனால் குறுகிய அலைகளுக்குக் கட்டத்தின் தடம் மிச்சமிருக்கும்: ஆற்றல் கூடக் கூட வேகம் கொஞ்சம் மாறும்.

அதை வானத்தில் தேடிப் பார்த்திருக்கிறார்கள். 2009 மே 10 அன்று ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி பதிவுசெய்த காமாக் கதிர் வெடிப்பில், 700 கோடி ஒளியாண்டுக்கு மேல் பயணம் செய்த 31 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒன்று, குறைந்த ஆற்றல் ஒளி வந்த ஒரு வினாடிக்குள் வந்து சேர்ந்தது. ஆற்றலுக்கு நேர் விகிதமாக, பிளாங்க் அளவில் வேகம் குறையும் என்ற எளிய ஊகத்துக்கு அதில் இடம் இல்லாமல் போயிற்று. ஆற்றலின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்ற ஊகம் இன்னும் தப்பித்துக்கொண்டிருக்கிறது. பெட்டியில் இது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கட்டம் கட்டமான காலவெளி பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது.

மூன்றாவது தாள் இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்திருக்க வேண்டியது. காரணக் கணங்கள் என்ற இந்த அணுகுமுறையை 1987-இல் பாம்பெல்லி, லீ, மேயர், சார்கின் நால்வரும் முன்வைத்தார்கள். காலவெளியில் புள்ளிகளை ஒழுங்காக அடுக்காமல் தற்செயலாகத் தூவ வேண்டும்; எந்தப் புள்ளி எந்தப் புள்ளிக்கு முன், எது பின் என்ற உறவு மட்டுமே அடிப்படை; புள்ளிகளின் எண்ணிக்கைதான் கொள்ளளவு. தற்செயலாகத் தூவினால் விசேஷத் திசையோ விசேஷ வேகமோ தலைகாட்டாது. ஐன்ஸ்டீனின் சார்புநிலைக் கொள்கைக்கு ஊறு இல்லை. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதில் ஆய்வு நடக்கிறது.

பெட்டித் தாளின் புள்ளிகள் தற்செயல் அல்ல. பார்வைக்கு அழகாக, இடைவெளி விட்டுப் பரப்பியிருக்கிறார்கள். சோதிக்க ஒரு நிமிடம் போதும்: தாளை 10 × 10 கட்டமாகப் பிரியுங்கள். 200 புள்ளிக்கு 100 கட்டம், சராசரி 2. உண்மையில் தற்செயலாக இருந்தால் 13, 14 கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும். இந்தத் தாளில் காலிக் கட்டமே இல்லை. அதனால் அடுத்து வருகிற வேக மாற்றப் பயிற்சி (அதே புள்ளிகள் வேகமாக ஓடுகிறவருக்கு எப்படித் தெரியும் என்று வரைவது) கவிழ்ந்துவிடுகிறது.

சொந்தத் தாள் செய்வது கடினமில்லை. கேசியோ சயின்டிஃபிக் கால்குலேட்டரில் தற்செயல் எண் பொத்தான் இருக்கிறது. 0 முதல் 0.999 வரை தரும். 20 செ.மீ. சதுரத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டு எண்கள் எடுத்து, ஒவ்வொன்றையும் 20-ஆல் பெருக்கி, கிராஃப் தாளில் குறியுங்கள். சதுரத்தின் இரண்டு ஓரங்களையும் ஒளிக்கதிரின் இரண்டு திசைகளாக எடுத்துக்கொண்டால் கணக்கு சுலபம்: ஒரு புள்ளியின் இரண்டு ஆயங்களும் மற்றொன்றைவிடப் பெரிதாக இருந்தால் அது எதிர்காலம். அரிசியைத் தூவிப் புள்ளி வைக்காதீர்கள், கையிலிருந்து விழும்போது குவியும். பிறகு ஓர் ஆயத்தை 2-ஆல் பெருக்கி, மற்றதை 2-ஆல் வகுத்து, வேறு தாளில் குறியுங்கள். ஒளியின் வேகத்தில் 0.6 பங்கில் ஓடுகிறவர் பார்க்கிற படம் அது. பரப்பு மாறாது. தற்செயல் புள்ளிகள் பழையபடி தற்செயலாகவே இருக்கும். கிராஃப் தாளின் மூலைகளையே புள்ளிகளாக வைத்து இதே வேலையைச் செய்தால் வரிகளும் காலிப் பட்டைகளும் பல்லிளிக்கும்.

இந்தத் தாளில் துகள் எப்படி நகரும்? பக்கத்துப் புள்ளி என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் ஒளிக்கூம்பின் (ஒரு புள்ளியிலிருந்து ஒளி எட்டக்கூடிய எல்லையின்) ஓரமாக எவ்வளவு தொலைவு போனாலும் நேரடித் தொடர்புள்ள புள்ளிகள் கிடைத்துக்கொண்டே இருக்கும். டௌக்கர், ஹென்சன், சார்கின் மூவரும் 2004-இல் தந்த மாதிரியில், துகள் குறிப்பிட்ட தன்-நேரத்துக்குள் (துகளோடு கூடவே போகும் கடிகாரம் காட்டும் நேரத்துக்குள்) வரும் எதிர்காலப் புள்ளிகளில், தன் உந்தத்தை மிகக் குறைவாக மாற்றுகிற புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறது. நேர்கோட்டில் சரியாகப் புள்ளி இருக்காது என்பதால் ஒவ்வோர் அடியிலும் சிறு தடுமாற்றம். அவை சேர்ந்து உந்தம் மெல்லப் பரவுகிறது. தாளில் ஸ்கேல் வைத்து இதை ஆடலாம்: முந்தைய அடியின் கோட்டை நீட்டி, 4 செ.மீ. எல்லைக்குள், கோணம் குறைவாக விலகும் எதிர்காலப் புள்ளிக்குக் கோடு போடுங்கள். சார்புநிலைக்குரிய நீளத்துக்குப் பதில் சாதாரண நீளத்தை எடுப்பதால் இது தோராயம்தான், ஆனால் தடுமாற்றம் தெரியும்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் "பிளாங்க் நீளமே மிகச் சிறிய நீளம் என்று நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. 1899-இல் மாக்ஸ் பிளாங்க் இயற்கை மாறிலிகளைச் சேர்த்துக் கண்ட அலகுகளில் ஒன்று அது. ஜெனிவாவின் பெரிய துகள் மோதுகலம் தொட்டுப் பார்க்கும் தூரம் 10⁻¹⁹ மீட்டர் அளவு. இன்னும் பத்தின் 16 அடுக்கு கீழே இருக்கிறது பிளாங்க் நீளம். பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள்.

யார் வாங்கலாம்? கல்லூரி இயற்பியல் மன்றத்துக்கு ஒன்று வாங்கினால் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் டியூஷன் எடுப்பவர்களுக்கும் உதவும். தனி ஆளாகப் படிப்பவர்கள் 650 கொடுக்க வேண்டாம். 17 × 9 கட்டத்தைச் சார்ட் பேப்பரில் நீங்களே போட்டு, புளியங்கொட்டை வைத்தால் முதல் இரண்டு ஆட்டங்களும் முடிந்தது. பலகை மட்டும் வேண்டுமென்றால் "அண்ணே, பலகை தனியாக் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள், சில கடைகளில் பிரித்துக் கொடுக்கிறார்கள், 250 ரூபாய். மாலையில் போனால் எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வந்த கூட்டத்தில் பலகை மடங்கிவிடும், காலையில் போவது நல்லது. கடையிலேயே பெட்டியைத் திறந்து வில்லைகளை எண்ணிவிடுங்கள். ஏதாவது ஒரு நிறத்தில் வில்லைகள் குறைவாக வருகிற பெட்டிகளும் இருக்கின்றன, வாங்கிப் போன பிறகு மாற்றித் தருவதில்லை.